உவர்நீர் சூழ்ந்த நாட்டில் நன்னீர்

மட்டக்களப்பு நாட்டுக்கு முதன்முறையாகச் செல்லும் ஒருவரிடம், அங்கே கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு என்று சொன்னால் அவர் எளிதில் நம்பமாட்டார். கிழக்கே கடல், அதற்கு மேற்கே, கடலோடு கைகோத்தாற்போல் நீண்டு கிடக்கும் வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 35 மைல் தூரம் அந்த வாவி பரந்துள்ளது. நகரின் நெஞ்சமாகிய புளியந்தீவு பெயரால் மட்டுமன்றி அமைப்பாலும் தீவேயாகும். 1628 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அத்தீவிலே கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். வாவி நீர் கோட்டைக்கு இயற்கையான அகழியாயிற்று. ஆயினும் கோடையில் அந்த அகழி நீரை அள்ளி ஒரு மிடறு பருக எவராலும் இயலாது. கண்ணுக்கு எட்டிய நீர் நாவுக்கு எட்டாத நாடு அது.

இத்தகைய நாட்டிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் நன்னீரை எங்கே கண்டனர்? அதனைக் கோடை முழுவதும் எவ்வாறு காத்தனர்? காத்ததோடு நில்லாமல், அதனைக் கொண்டு எவ்வாறு மகிழ்ந்தனர்? இவ்வினாக்களுக்குரிய விடை அரசர் வரலாறுகளில் அகப்படாது. கிணற்றடியிலும் கோயில் முற்றத்திலும் குளக்கட்டிலுமே அது கிடக்கிறது.

வாவி அந்நாட்டை இரு கூறாகப் பிரிக்கிறது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். தென்னையும், மக்கள் செறிந்த ஊர்களும் அங்கே உள்ளன. படுவான்கரை வயலும் குளமும் காடும் நிறைந்த நிலம். அதன் நெல்லும் தயிரும் தோணியேறி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தன. ஒரு கரை மணலை நம்பி நீர் பெற்றது; மறு கரை குளத்தை நம்பி நீர் பெற்றது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே; அது மாரிமழை.

மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இது சிறிய அளவன்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள சில மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரை கழிந்தால் வானம் வெளிறிவிடும். அப்போது மேற்கிலிருந்து வீசத் தொடங்குவது கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதி, தான் கொணர்ந்த ஈரத்தையெல்லாம் அங்கே மழையாக இறக்கிவிட்டு, மலையைக் கடந்து கீழே இறங்கும்போது வெம்மையும் வறட்சியும் மிக்க காற்றாக மாறுகிறது. இலங்கையின் ஒரு பக்கத்தை நனைக்கும் அதே காற்றுத்தான் மறுபக்கத்தை உலர்த்துகிறது. கச்சான் வீசும் நாள்களில் துவைத்த துணி நொடியில் காய்ந்துவிடும். குளத்து நீரும் அவ்வாறே குறையும். நான்கு மாதங்களில் வந்த செல்வத்தை எட்டு மாதங்களுக்கு வைத்துச் செலவிட வேண்டிய குடும்பம் போன்றது இந்நாடு.

எழுவான்கரை மணலிலே மறைந்துள்ள வியப்பொன்று உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்வாவி. இரண்டுக்கும் நடுவே சில முழ ஆழம் தோண்டினால் இனிய நீர் ஊறுகிறது. மணலைக் கையாலும் மண்வெட்டியாலும் அகழ்ந்து ஆக்கும் ஆழமற்ற நீர்க்குழியைப் பூவல் என்பர். உப்புக்கு நடுவே இனிமை எங்ஙனம் வந்தது? மாரிமழை மணலினூடே இறங்கித் தேங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆதலால் அது மணலுக்குள்ளே உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுப் படோன் கைபன் என்பவரும், 1901 இல் செருமானியராகிய ஏர்ட்சுபேர்க்கு என்பவரும் இதற்குரிய கணக்கைத் தனித்தனியே வகுத்தனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. கேட்பதற்கு இனிய செய்தி இது. ஆனால் அதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே ஓர் அடி நீரை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உயரத்துக்கு உவர்நீர் ஏறிவர இடமுண்டாகும்.

இக்கணக்கை எழுவான்கரையின் பழைய குடிமக்கள் ஏட்டில் எழுதிப் படித்தவரல்லர். எனினும் அவர்களின் கிணறும் துலாவும் அக்கணக்குக்கு அடங்கியே நடந்தன. ஆழமாக வெட்டினால் உப்புத் தட்டும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆகவே கிணற்றை அகலமாகவும் ஆழங்குறைந்ததாகவும் அமைத்தனர். துலாவின் ஒரு முனையில் பாரம். மறுமுனையில் கயிறும் பட்டையும். ஒருவர் இறைத்துக் களைக்கும் அளவுக்குமேல் அது நீர் தராது. மனிதன் ஓயும்போது கிணறும் ஓய்ந்தது. ஓய்ந்த வேளையில் மணலிலிருந்து நன்னீர் மீண்டும் ஊறியது. இறைப்பவரின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாக நின்றது.

இறைத்த நீர் ஒருமுறை மட்டும் பயன்பட்டு ஒழிவதில்லை. கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் ஓடியது. அரிசி கழுவிய நீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. பாத்திரம் கழுவிய நீர் கறிவேப்பிலை மரத்தடியில் சேர்ந்தது. தென்னந்தோட்டத்திலே மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சு மட்டைகளை அடுக்கிப் புதைக்கும் வழக்கம் உண்டு. மாரியில் நனைந்த மட்டை பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக ஊட்டும். மழையைக் கோடைக்குக் கடத்தும் கலையில் இதுவும் ஒன்று.

வீட்டுக்குள்ளே குடிநீர் மண்முட்டியிலும் கூசாவிலும் இருந்தது. மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெம்மையையும் வாங்கிக்கொண்டு போகிறது. கச்சானின் வறட்சி மிகுந்தால் இவ்வாறு ஆவியாதலும் மிகும். கூசா நீரும் மேலும் குளிரும். பகைவனைக்கொண்டே பணி செய்விக்கும் சூழ்ச்சி இது. கலங்கல் நீராயின் முட்டியின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரூற்றித் தெளிய வைப்பர். காலையில் பழஞ்சோறும் எருமைத் தயிரும், நண்பகலில் மோர், மாலையில் இளநீர் என்று கோடை உணவு முழுவதுமே நீரைச் சார்ந்து அமைந்தது. அந்த உணவைச் சிக்கனம் என்று எவரும் கருதியதில்லை; இன்பம் என்றே கருதினர்.

நீரைத் துய்த்தலும் காத்தலும் வெவ்வேறு அல்ல என்பதை இந்நாட்டுக் கோயில் வழக்கங்கள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசித் திங்களில் சடங்கு நிகழும். அதன் நிறைவாக அமைவது குளிர்த்தி. மதுரையை எரித்த கண்ணகியின் சினம் தணியும்படி நீரால் குளிர்வித்துப் பாடுதலே அச்சடங்கின் பொருள். கோடை ஏறும் திங்களில், வெந்த நிலமும் வெந்த மனமும் ஒருசேரக் குளிர வேண்டும் என்னும் வேண்டுதல் அது. அன்று வழங்கப்படும் தீர்த்தம் கையளவுதான். அதனை ஒரு துளியும் சிந்தாமல் ஏந்துவர். மழை பொய்த்து நோய் பரவும் காலங்களில், ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து கொம்பு விளையாட்டு நிகழ்த்திய வழக்கமும் இருந்தது. கண்ணகி வழிபாட்டுப் பாடல்களுள் மழைக்காவியம் என்னும் பெயருடைய ஒன்றும் உண்டு. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும், 1968 இல் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’யும் இம்மரபுகளை அறிய விரும்புவோர்க்குத் துணையாக உள்ளன.

ஆடி அமாவாசையன்று அமிர்தகழியிலே மாமாங்கப் பிள்ளையார் கோயிலின் தீர்த்தக்குளம் மக்கள் வெள்ளத்தால் நிறையும். நீத்தாரை நினைந்து நீராடுவதற்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே கூடுவர். கோடையின் கடுமையான பகுதியிலே நிகழும் விழா அது. அக்காலத்தில் வீதியோரங்களில் தாகசாந்திப் பந்தல்கள் எழும். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களுக்கும் இவ்வாறே ஊர்தோறும் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் வழங்குவர். நீர் குறைந்த பருவத்திலேதான் நீர்க்கொடை அறமாகிறது. மாரியில் தண்ணீர் வழங்குவதில் என்ன பெருமை உண்டு?

வாவியோ பருகுவதற்கு உதவாவிடினும் மகிழ்வதற்கு உதவியது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்க, வாவி அலையின்றி அமைதியுறும். நிலவொளி படரும் இரவுகளில் தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையைச் செவியில் வைத்தால் மெல்லிய இசையொன்று கேட்கும் என்பர். மட்டக்களப்புக்கு மீன் பாடும் தேன் நாடு என்ற பெயரை ஈட்டித் தந்த இசை அது. குடியேற்றச் செயலாளராகிய சேர் எமர்சன் தெனன்ற் 1848 இல் இவ்வொலியைக் கேட்டுத் தம் இலங்கை நூலிலே எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிக்கு அதனை ஒப்பிட்டார். ஊரி என்னும் நத்தையே ஒலிக்கிறது என்று அங்குள்ள மீனவர் அவரிடம் கூறினர். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவ்விசையில் உள்ளம் தோய்ந்தவர். 1950 களில் அருட்தந்தை லாங்கு என்னும் யேசுசபைத் துறவி அதனை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. மீனோ ஊரியோ எதுவாயினும், நீர் கெட்டால் பாட்டும் கெடும். பருக உதவாத நீரையும் மாசின்றிக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

படுவான்கரையின் கதை வேறு வகையானது. அங்கே மாரிநீரைக் கட்டிவைக்கும் குளங்கள் உண்டு. உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி என்பன அவற்றுட் சில. குளத்து நீர் ஒருவர்க்கு உரியதன்று. ஆதலால் அதனைப் பகிரும் முறையே அதன் உயிர். தொடர்ந்து கிடக்கும் வயற்பரப்பை இந்நாட்டார் வட்டை என்பர். ஒவ்வொரு வட்டைக்கும் நீர் விடுதல், வேலி கட்டுதல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றைக் கண்காணிக்க வட்டைவிதானை என்னும் தலைவர் இருந்தார். மாரி வேளாண்மைக்கு எல்லா வயலும் உழப்படும். கோடைச் சிறுபோகத்துக்கு அவ்வாறன்று. குளத்தில் எஞ்சியுள்ள நீரை அளந்து, எத்தனை ஏக்கருக்கு அது போதும் என்று கூட்டத்திலே முடிவு செய்வர். அம்முடிவுக்குச் செல்வமுடைய போடியாரும் சிறுநிலத்தவரும் ஒருங்கே கட்டுப்பட வேண்டும். ஒருவர் மீறி ஒரு மடையைத் திறந்தால் கடைவாய்க்காலில் உள்ளவரின் பயிர் கருகும்.

பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலே இப்பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன, குளங்கள் தூர்ந்தன. 1855 இல் ஆள்பதியாக வந்த சேர் என்றி வாட்டு இந்நிலையை உணர்ந்தார். 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வயல்நீர்ப் பாய்ச்சலுக்குரிய பழைய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பித்து, அவற்றுக்குச் சட்டவலிமை தந்தது. அதனையடுத்து, அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் திருத்தப்பட்டன. இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. அணைக்கட்டைக் கட்டுவதற்கு அரசினரின் பணமும் பொறியியலும் போதும். நீரைப் பகிர்வதற்கோ குடிமக்களின் பழைய உடன்படிக்கை வேண்டியிருந்தது. பின்னர், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் 7,70,000 ஏக்கர்-அடி கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கொள்ளளவு பெருகியும் கோடையில் கடைவாய்க்காலார் நீருக்குக் காத்திருக்கும் நிலை முற்றாக நீங்கியதில்லை.

முகத்துவாரத்தை வெட்டும் வேளையும் இவ்வாறே இணக்கத்தைக் கோருவது. மாரி வெள்ளம் வயலை மூடும்போது மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டும் என்பார் உழவர். காலமறியாது வெட்டினால் மீன்வளம் கெடும் என்பார் மீனவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நீர் மிகினும் குறையினும் அண்டை வீட்டாரைக் கேளாமல் எதுவும் செய்ய இயலாத நாடு அது.

இப்பழைய ஒழுங்கைப் புதுக்காலம் குலைத்தது. துலா நின்ற இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. உழைப்பைக் குறைத்த அக்கருவியை வேண்டாம் என்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. ஆயினும் துலாவுக்கு இருந்த அடக்கம் அதற்கு இல்லை. அது களைப்பதில்லை, கிணற்றை ஓயவும் விடுவதில்லை. ஊர்கள் நெருங்க நெருங்க மலக்குழிகளும் கிணறுகளும் அருகருகே அமைந்தன. மழையை எளிதில் உள்வாங்கும் மணல், அழுக்கையும் உரத்தின் எச்சத்தையும் அவ்வாறே உள்வாங்கும்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் காலை, ஆழிப்பேரலை எழுவான்கரைமேல் ஏறியது. நாவலடி, கல்லடி முதலிய கரையூர்களில் மனையோடு மக்களும் மாண்டனர். எஞ்சியவர்கள் தாகத்தோடு கிணற்றடிக்கு வந்தபோது, தலைமுறைகளாக இனித்த கிணறுகள் உவர்த்துக் கிடந்தன. கிணற்றின் வாய்வழியே மட்டுமன்றி, மணற்பரப்பு முழுவதினூடேயும் கடல்நீர் இறங்கியிருந்தது. உதவ வந்தோர் இயந்திரங்களைக்கொண்டு கிணறுகளை இறைத்து இறைத்துத் தூய்மை செய்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் மீண்டும் மீண்டும் வற்ற இறைத்த கிணறுகளில் உப்பு விரைந்து நீங்கவில்லை. மிகுதியாக இறைப்பது கீழுள்ள உவர்நீரை மேலே இழுக்கும் என்று நீரியல் ஆய்வாளர் எச்சரித்தனர். ஈற்றிலே கிணறுகளை இனிக்கச் செய்தது எது? பின்வந்த மாரிமழையே. மழை மேலிருந்து இறங்கி, உப்பைச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளிற்று. அதுவரை தாங்கிகளில் கொணர்ந்த நீரை வரிசையில் நின்று பெற்ற தாய்மார், ஒரு குடம் நன்னீரின் விலையை அறிந்தனர். அந்தக் கிணறுகளை அந்த மணலிலே முதலில் வெட்டிய முன்னோரும் அதை அறிந்திருந்தனர்.

பின்னர் படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்து நீர் தூய்மையாக்கப்பட்டு, குழாய்வழியே எழுவான்கரை இல்லங்களுக்கும் வரலாயிற்று. முன்னாளில் நெல்லும் தயிரும் கடந்த வாவியை இப்போது குடிநீரும் கடக்கிறது. இது பெரும் பேறு. எனினும் குழாயைத் திருகும் கைக்குக் குளத்தின் மட்டம் தெரிவதில்லை. துலாவில் இறைத்தவர் கயிற்றின் நீளத்தால் நீர் குறைவதை நாள்தோறும் அறிந்தார். குழாய்நீரைப் பெறுபவர் அதனை நினைவினால்தான் அறிய வேண்டும். எழுவான்கரை வீட்டில் வீணாக ஓடும் நீர், படுவான்கரை உழவரின் சிறுபோகத்திலிருந்து வந்த நீர். ஒரே குளம் வயலுக்கும் வீட்டுக்கும் பொதுவாகிவிட்டமையால், வட்டைக்கு இருந்த கட்டுப்பாடு இப்போது வீட்டுக்கும் வேண்டியதாயிற்று.

வழிகள் அரியன அல்ல. ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 500 கலன் நீராகும். மாரியில் அந்நீரைத் தொட்டியில் சேர்க்கலாம்; தொட்டி நிறைந்தபின் மணலுக்குள் இறக்கிக் கிணற்றை ஊட்டலாம். தோட்டத்துக்குக் கச்சான் அடங்கிய மாலையிலோ விடியலிலோ நீர் விட்டால் காற்றுக்கு இரையாவது குறையும். மர அடியில் சருகும் பொச்சு மட்டையும் இட்டால் ஈரம் நிற்கும். இயந்திரத்தால் இறைப்பவர் இடையிடையே நிறுத்திக் கிணறு ஊற இடங்கொடுத்தல் வேண்டும். கசியும் குழாயை அன்றே திருத்துதல் வேண்டும். இவற்றுள் பல, பெயரும் கருவியும் மாறினவேயன்றி, பழைய கிணற்றடியின் வழக்கங்களே.

வைகாசித் திங்களில் குளிர்த்தித் தீர்த்தத்தை ஏந்தும் கை அதனைச் சிந்துவதில்லை. அளவு சிறிதாயினும் அது தரும் மகிழ்ச்சி பெரிது. உவர்நீர் சூழ்ந்த நாட்டிலே நன்னீர் என்பது மழை தந்த தவணைப் பொருள். அடுத்த மாரி வரும்வரை அதனை வைத்திருக்க வேண்டும். அதே கவனத்தோடு குழாயடியிலும் அந்தக் கை நின்றால், மட்டக்களப்பின் மணலுக்குள்ளே உப்பின்மேல் மிதக்கும் அந்த மெல்லிய நன்னீர், வரும் தலைமுறைக்கும் இனிக்கும்.